ஆக்கியோன் பெயரும் ஆக்கியோன் உரிமையும்

தோற்றுவாய்

நூலுக்குச் சிறப்புப்பாயிரம் எவ்வாறு அமைய வேண்டும் என்று இலக்கணம் வகுத்த நன்னூலார், அதன்கண் கூறப்படவேண்டிய பொருள்களை எண்ணிச் செல்லுங்கால் ஆக்கியோன் பெயரையே முதற்கண் வைத்தார். நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய பிற யாவும் அதன் பின்னரே வருகின்றன. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்னும் பாகுபாடும் ஒருவர் நூலுக்கும் மற்றொருவர் நூலுக்கும் உள்ள தொடர்பை மறைத்தலாகாது என்னும் கருத்தின்மேல் எழுந்ததே. எனவே, ஆக்கியவனை அவன் ஆக்கத்தினின்று பிரித்தல் தகாது என்னும் உணர்வு தமிழ் மரபிற்குப் புதியதன்று.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. நூலின் படிகள்மீது ஆக்கியோனுக்குப் பொருளுரிமை உண்டு என்று நம் இலக்கண நூல்கள் கூறவில்லை. ஏட்டில் எழுதிப் பெருக்கிய காலத்தில் படியெடுத்தவன் பெற்றது எழுத்துக்கூலி மட்டுமே. புலவனின் வாழ்வோ புரவலனின் கொடையைச் சார்ந்திருந்தது. ஒருநாளில் ஆயிரம் படிகளை ஈன்று தரும் அச்சு இயந்திரம் வந்த பின்னரே, அப்படிகளால் வரும் ஊதியம் யாருக்கு உரியது என்னும் வினா எழுந்தது. அவ்வினாவிற்கு விடையாகப் பிறந்ததே பதிப்புரிமைச் சட்டம்.

இச்சட்டம் செயற்படுத்தப்பெறும் முறை, தனித்து நின்று எழுதும் புலவனையும் இசையமைப்பாளனையும், பெருமுதல் கொண்டு நடக்கும் படநிறுவனத்தையும் இசைத்தட்டு நிறுவனத்தையும் ஒரே நிறையாக நிறுக்கின்றதா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது. இந்தியத் திரைப்பாடல்களின் வரலாற்றை இதற்குச் சான்றாகக் கொள்வோம். பாட்டெழுதுவோன், பண்ணமைப்போன், பாடுவோன், முதலிடுவோன் ஆகிய நால்வரும் ஒரே பொருளின்மேல் உரிமை கோரும் களம் அதுவே யாதலின், சட்டத்தின் இயல்பு அங்குத் தெளிவுறப் புலனாகும்.

சட்டத்தின் பிறப்பு

பதிப்புரிமையைப் பற்றிய முதற் சட்டம் எனப் போற்றப்பெறுவது இங்கிலாந்தில் ஆன் அரசியார் காலத்தில் 1710ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டமாகும். புதிய நூல்களுக்கு 14 ஆண்டு உரிமையும், அக்காலம் கழிந்தபின் ஆசிரியர் உயிரோடிருப்பின் மேலும் 14 ஆண்டு உரிமையும் அது வழங்கிற்று. அதற்கு முன்னர் ஆசிரியர் நிலை எவ்வாறிருந்தது என்பதை மில்டனின் வாழ்க்கை காட்டும். இழந்த சுவர்க்கம் என்னும் தம் பெருங்காப்பியத்தை அவர் 1667இல் ஒரு பதிப்பாளரிடம் 5 பவுனுக்குக் கொடுத்தார். முதற்பதிப்பு விற்றபின் மேலும் 5 பவுன் பெற்றார். 1674இல் அவர் மறைந்தார். எஞ்சிய உரிமை அனைத்தையும் அவர்தம் மனைவியார் 1680இல் 8 பவுனுக்கு விட்டுக்கொடுத்தார். ஆங்கில மொழியின் தலைசிறந்த காப்பியம் ஒன்றனால் ஆசிரியர் குடும்பம் அடைந்த பொருள் இவ்வளவே.

1710ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியனை உரிமையாளன் என ஏற்றது. ஆனால் அவ்வுரிமையைப் பிறர்க்கு மாற்றிக் கொடுக்கலாம் என்றும் அது ஏற்றது. இவ்விரண்டாவது கூறே நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. உரிமை ஆசிரியனிடத்துப் பிறக்கின்றது. பிறந்த அன்றே கைமாறவும் கூடும். கைமாறிய பின்னர்ச் சட்டம் காப்பது ஆசிரியனையன்று, அவ்வுரிமையை அப்பொழுது கையில் வைத்திருப்பவனையே.

இந்தியாவில் 1847இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பின்னர், 1911ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டத்தைத் தழுவிய 1914ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. விடுதலைக்குப்பின் இயற்றப்பெற்ற 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1958 சனவரி 21 முதல் நடைமுறையில் உள்ளது. ஆசிரியர் மறைவிற்குப்பின் 50 ஆண்டு என அதிற் கண்ட கால எல்லை 1992இல் 60 ஆண்டாக உயர்த்தப்பட்டது.

இச்சட்டத்தின் சொற்களை மட்டும் நோக்குவார்க்கு வேற்றுமை ஏதும் தோன்றாது. பதிவு செய்யாவிடினும் உரிமை உண்டு. குடிசையில் எழுதினோனுக்கும் மாளிகையில் எழுதினோனுக்கும் ஒரே கால எல்லை. மீறினார்க்கு ஒரே தண்டம். ஆயின் சட்டத்தின் சொல் வேறு; அச்சொல் ஒருவன் வாழ்விற் பயனாய் வந்து சேரும் வழி வேறு. அவ்வழியில் மூன்று வாயில்கள் உள்ளன என்று நாம் கருதுகின்றோம். உரிமை யாருடையது எனத் துணிதல் ஒன்று. மீறப்பட்டது என மெய்ப்பித்தல் இரண்டு. தீர்வு விரைந்து பெறுதல் மூன்று. இவற்றை முறையே காண்போம்.

முதல் வாயில்: உரிமை யாருடையது?

1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதன் ஆசிரியரே என்று கூறித் தொடங்குகின்றது. உடனே சில விலக்குகளையும் கூறுகின்றது. பொருள் கொடுத்து ஒருவர் வேண்டியதன்பேரில் எடுக்கப்பெறும் திரைப்படத்திற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, வேண்டியவரே முதல் உரிமையாளர். பணியாளர் ஒருவர் தம் பணியின் பகுதியாக இயற்றியதற்குப் பணி கொடுத்தவரே முதல் உரிமையாளர். இவ்விலக்குகள் பாட்டிற்கும் பண்ணிற்கும் பொருந்துமா என்னும் வினா விரைவில் எழுந்தது.

1969இல் நிறுவப்பெற்ற இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம், பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில், அவர்தம் படைப்புகள் பொது இடங்களில் ஒலிக்குங்கால் செலுத்தவேண்டிய கட்டணப் பட்டியலை வெளியிட்டது. திரைப்பட உரிமையாளர் அதனை எதிர்த்தனர். பதிப்புரிமை வாரியம் சங்கத்தின் பக்கம் முடிவு கூறியது; கல்கத்தா உயர்நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. இறுதியில் 1977இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பை வழங்கிற்று. பொருள் கொடுத்துப் பாட்டையும் பண்ணையும் இயற்றுவித்த தயாரிப்பாளரே, மாறான ஒப்பந்தம் இல்லையேல், முதல் உரிமையாளர் ஆவார் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

‘மாறான ஒப்பந்தம் இல்லையேல்’ என்னும் தொடரை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். நடுநிலையானது போலத் தோன்றும் தொடர் அது. பாடலாசிரியர் விரும்பினால் தம் உரிமையை ஒப்பந்தத்தால் நிலைநிறுத்திக்கொள்ளலாம் அன்றோ என்று அது கூறுகின்றது. ஆனால் வாய்ப்பு நாடி நிற்கும் இளம்புலவன், அவ்வாய்ப்பை வழங்கும் நிறுவனத்தின்முன் அமர்ந்து எவ்வாறு நிபந்தனை விதிப்பான்? இவன் மறுப்பின் மற்றொருவன் ஆயத்தமாக நிற்கின்றான் என்பதை இருவருமே அறிவர். எனவே ஒப்பந்தம் இல்லாதவிடத்து உரிமை யாரைச் சேரும் என்று சட்டம் கூறுகின்றதோ, நடைமுறையில் அவரையே உரிமை சென்று சேர்கின்றது. ஒப்பந்தம் எழுதுங்கால் அதனை எழுதுபவரும் பெரும்பாலும் அவரே.

அத்தீர்ப்பின் ஈற்றில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் சேர்த்த குறிப்பு ஈண்டு நினைவுகூரத்தக்கது. அக்காலச் சட்டம் இசைப்படைப்பு என்பதற்கு எழுத்தாலோ அச்சாலோ குறிக்கப்பெற்ற சுரவடிவம் என்ற அளவில் பொருள் கூறியிருந்தது. குரலில் உயிர்க்கும் நம் இசைக்கு இவ்வரையறை பொருந்தாமையையும், பாடுவோர்க்கு யாதோர் உரிமையும் இல்லாமையையும் சுட்டி, சட்டமியற்றுவோர் இதனைக் கருதவேண்டும் என அவர் குறித்தார். அதன்பின் 17 ஆண்டுகள் கழிந்து, 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே வரையறை விரிந்தது. நிகழ்த்துவோர் உரிமையும் இடம்பெற்றது.

பாரதியார் பாடல்கள்

உரிமை கைமாறுதலின் விளைவைத் தமிழ்நாடு தன் கண்முன்னே கண்ட நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1921இல் மறைந்த பாரதியார் தம் குடும்பத்திற்கு வைத்துச் சென்ற செல்வம் அவர்தம் பாடல்களே. வறுமையுற்ற குடும்பத்தாரிடமிருந்து, பாடல்களை இசைத்தட்டிற் பதியும் உரிமை ஜெய்சிங்லால் மேத்தா என்னும் இசைத்தட்டு வணிகரிடம் சென்றது. அவரிடமிருந்து அவ்வுரிமையைத் திரைப்படத் தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் விலைக்குப் பெற்றார். 1947இல் வெளிவந்த நாம் இருவர் என்னும் படத்தில் அவர் அப்பாடல்களைப் பயன்படுத்தினார். அவை நாடெங்கும் பரவின.

மறு ஆண்டு, டி. கே. எஸ். சகோதரர்கள் தம் பில்ஹணன் படத்தில் பாரதியார் பாடல் ஒன்றைச் சேர்த்தனர். உரிமை தம்முடையது எனக் கூறி மெய்யப்பச் செட்டியார் சட்டவழியில் எதிர்த்தார். நாட்டு விடுதலைக்குப் பாடிய கவிஞரின் பாட்டைப் பாடுதற்கு ஒரு நிறுவனத்தின் இசைவு வேண்டுமா என்னும் கேள்வி எழுத்தாளரிடையே எழுந்து கிளர்ச்சியாயிற்று. 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையில் அமைந்த சென்னை அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையை ஏற்றது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையை ஈடு பெறாமலே அரசுக்கு அளித்தார்.

இந்நிகழ்ச்சியில் எவரையும் குறை கூறுதல் நம் நோக்கமன்று. சட்டப்படி விலை கொடுத்து வாங்கிய உரிமையையே செட்டியார் நிலைநாட்ட முயன்றார். மனமுவந்து விட்டும் கொடுத்தார். நாம் காட்ட விரும்புவது வேறு. சட்டத்தின் கையை நாடிய காலத்தில், அச்சட்டத்தால் காக்கப்பட்ட உரிமை கவிஞரிடத்தும் இல்லை. அவர்தம் குடும்பத்தாரிடத்தும் இல்லை. வறுமையால் முன்னமே விற்கப்பட்ட உரிமையின் பிற்கால உயர்வு, விற்றவரைச் சென்று சேரவில்லை. பாரதியாருக்கு நேர்ந்தது அரசு தலையிட்டமையால் ஒருவாறு தீர்ந்தது. அரசு தலையிடாத எண்ணற்ற புலவர் நிலையை இதனால் உய்த்துணரலாம்.

இரண்டாம் வாயில்: மெய்ப்பித்தல்

உரிமையை விற்காது தம்மிடமே வைத்திருந்த ஆசிரியர் நிலை யாது? ஆர். ஜி. ஆனந்த் என்னும் நாடகாசிரியர் 1953இல் ஹம் ஹிந்துஸ்தானி என்னும் இந்தி நாடகத்தை இயற்றினார். மறு ஆண்டு முதல் அது டில்லியில் நடிக்கப்பெற்றுப் பாராட்டுப் பெற்றது. மாகாணப் பற்றால் மக்கள் பிரிந்து நிற்றலை நகைச்சுவையோடு காட்டும் நாடகம் அது. 1956இல் நியூ டெல்லி என்னும் திரைப்படம் வெளிவந்தது. அது தம் நாடகத்தின் வழி எடுக்கப்பட்டது என அவர் வழக்குத் தொடுத்தார். முறைமன்றம் தள்ளியது, 1967இல் டில்லி உயர்நீதிமன்றமும் தள்ளியது, 1978இல் உச்ச நீதிமன்றமும் தள்ளியது.

அத்தீர்ப்பு வகுத்த நெறி இன்றும் வழக்குகளில் எடுத்தாளப்படுகின்றது. கருத்திற்கு உரிமை இல்லை. கருத்து வெளியிடப்பெற்ற வடிவத்திற்கே உரிமை உண்டு. இரண்டையும் கண்ட ஒருவர் பின்னது முன்னதன் படியே என ஐயமின்றிக் கொள்ளும் அளவிற்கு ஒப்புமை வேண்டும் என்பது அந்நெறி. இந்நெறி தவறுடையதென நாம் கூறமாட்டோம். ஒரு கருத்தை ஒருவர் எழுதிவிட்டால் பிறர் எவரும் அதனைத் தொடலாகாது என்பது இலக்கியத்தையே அடைத்துவிடும். கம்பர் வான்மீகியின் கதையைத் தொட்டிராவிடின் தமிழுக்கு இராமகாதை ஏது?

எனினும் ஒரே நெறி இருதிறத்தார்மீதும் ஒரே சுமையை ஏற்றுவதில்லை. நிறுவனத்தின் படம் களவாடப்படுங்கால் அது முழுமையாகவே படியெடுக்கப்படுகின்றது, ஒப்புமை காட்ட வாதம் வேண்டுவதில்லை, படியே சான்று. புலவனின் கதை களவாடப்படுங்காலோ பெயர் மாறும், ஊர் மாறும், முடிவு மாறும். மாற்றங்களுக்கு ஊடே ஒப்புமையை அவன் அகழ்ந்து காட்டவேண்டும். தம் கதையை நிறுவனத்தார் அறிந்தனர் என்பதையும் அவனே நிறுவவேண்டும். ஆனந்த் வழக்கில் மூன்று நீதிபதிகளுள் ஒருவரான பதக் தனிக்கருத்து எழுதினார். முன்னைய இரு மன்றங்களின் முடிவையும் கருதித் தயக்கத்தோடு உடன்பட்டதாக அவர் கூறியது இவ்வருமையை உணர்ந்தே எனலாம்.

இனிக் காலத்தை எண்ணுவோம். படம் வெளிவந்தது 1956. இறுதித் தீர்ப்பு 1978. இடையே 22 ஆண்டுகள். நிறுவனத்திற்கு வழக்கு என்பது கணக்கேட்டில் ஒரு செலவு வரி. தனி மனிதனுக்கோ அது வாழ்நாளின் நடுப்பகுதி. தோற்றவிடத்து மட்டுமன்று, வென்றவிடத்தும் இவ்விழப்பு ஈடுசெய்யப்படுவதில்லை.

மூன்றாம் வாயில்: விரைந்த தீர்வு

மேற்கண்ட நெடுங்காலத்தை நிறுவனங்கள் பெறும் தீர்வின் விரைவோடு ஒப்பிடுதல் பொருத்தமாகும். பெயரறியாத எதிரிகள்மீது முன்னதாகவே தடையாணை பெறும் முறை 2002ஆம் ஆண்டு உலகக் கால்பந்துப் போட்டியின்போது டில்லி உயர்நீதிமன்றத்தில் இந்தியாவில் முதன்முதல் இடம்பெற்றது. உரிமம் இன்றி ஒளிபரப்பக்கூடிய கேபிள் நடத்துவோர் யாவர் என அறியாத நிலையிலேயே அவர்களுக்கு எதிராக ஆணை வழங்கப்பெற்றது. திரைப்படங்களுக்கும் இம்முறை விரிந்தது. 2012இல் 3, தம்மு ஆகிய படங்களைக் காக்கச் சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய ஆணை பிறப்பித்தது. இணைய இணைப்பு வழங்கும் நிறுவனங்கள் அதன்பேரில் தளங்களை முழுமையாகவே அடைத்துவிட்டமையால், குறிப்பிட்ட முகவரிகளையே அடைத்தல் வேண்டும் என அவ்வாண்டு சூன் திங்களில் மன்றம் விளக்கம் கூறவேண்டியதாயிற்று. 2019இல் டில்லி உயர்நீதிமன்றம், புதிய பெயரில் தோன்றும் தளங்களுக்கும் பழைய ஆணையையே நீட்டிக்கும் முறையை ஏற்றது.

தமிழ்நாட்டில் இன்னும் ஒருபடி மேற்சென்றனர். குண்டர் தடுப்புச் சட்டம் எனப் பொதுவாக வழங்கும் 1982ஆம் ஆண்டுத் தடுப்புக்காவல் சட்டத்தில், 2004ஆம் ஆண்டுத் திருத்தத்தால் காணொலித் திருடரும் சேர்க்கப்பட்டனர். முறைவழக்கு முடியுமுன்னரே ஒருவரை ஓராண்டு வரை காவலில் வைக்கும் வலிமை வாய்ந்தது இச்சட்டம். பாடலாசிரியனுக்கு உரிய தொகையைக் கொடாது நிறுத்திவைப்பாரை எதிர்க்க இத்தகைய கருவி எதுவும் இல்லை. அவன் உரிமையியல் வழக்கையே நாடவேண்டும். படத்தைத் திருடுதல் குற்றம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஒரே உரிமையின் இருவகை இழப்புகளுக்கு அரசு காட்டும் விரைவு இருவேறு வகையாக உள்ளது என்பதே நாம் சுட்டுவது.

இணையத்தில் வெளியாகும் படைப்பிற்கு 2012ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு பொதுவழி வகுத்தது. உரிமையாளர் முறையீடு செய்தால், தளத்தை நடத்துவோர் 21 நாள் வரை அப்படைப்பை எட்டாதவாறு நிறுத்திவைக்கவேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை வாராவிடின் மீண்டும் அதனைத் திறந்துவிடலாம். இவ்விதி எல்லார்க்கும் பொதுவே. ஆயின் 21 நாளுக்குள் வழக்கறிஞரை அமர்த்தி ஆணை பெறவல்லார் யாவர் என்று வினவுங்கால், பொதுவிதியின் பயன் பொதுவன்று என்பது புலனாகும்.

நீதிமன்றத்தின் புறத்தே இயங்கும் பொறிமுறையும் ஒன்றுண்டு. யூடியூப் நிறுவனம் 2007இல் தொடங்கிய ஒப்புமை காணும் பொறி, உரிமையாளர் முன்கூட்டி அளித்த பதிவுகளோடு புதிய காணொலிகளை ஒப்பிட்டு, ஒத்தவற்றைத் தானே தடுக்கின்றது. அல்லது அவற்றின் வருவாயை உரிமை கோரியவருக்குத் திருப்புகின்றது. பெருந்தொகுதியான படைப்புகளுக்கு உரிமை உடையார்க்கே இப்பொறி திறந்திருக்கின்றது. பிறர் படிவம் நிரப்பி முறையிடவேண்டும். இப்பொறிமுறையில் பிழைகளும் நேர்வதுண்டு. 2012 ஆகஸ்டில் செவ்வாய்க் கோளில் க்யூரியாசிட்டி ஊர்தி இறங்கிய காட்சியை நாசா தானே வெளியிட்ட காணொலி, ஒரு செய்தி நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கையால் சில மணிநேரம் நீக்கப்பட்டது. நாசா எடுத்த காட்சிகள் பொதுவுடைமை. உலகறிந்த நிறுவனம் ஆதலின் பிழை விரைவில் திருத்தப்பட்டது. பேரறியாக் கலைஞன் ஒருவனது காணொலி இவ்வாறு நீக்கப்படின் அவன் குரல் எத்துணை விரைவில் கேட்கப்படும் என்பது எண்ணத்தக்கது. ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60ஆம் பிரிவு வழக்கிட இடந்தருகின்றது என்பது மெய்யே. அதற்கும் மீண்டும் நீதிமன்றமே செல்லவேண்டும்.

மறுப்பும் விடையும்

இதுகாறும் கூறியவற்றிற்கு ஒரு மறுப்பு எழுதல் கூடும். படம் தோற்றால் முதலிட்டவரே இழப்பை ஏற்கின்றார். பாடலாசிரியர் தம் கூலியை முன்னரே பெற்றுவிடுகின்றார். இழப்பில் பங்கு கொள்ளாதவர் ஊதியத்தில் பங்கு கேட்பது முறையா? மேலும், படத்திருட்டால் கூலித்தொழிலாளரும் வாழ்விழப்பர் அன்றோ? இம்மறுப்பில் உண்மை உண்டு. நிறுவனத்தைக் காத்தல் பலவிடத்தும் அதனைச் சார்ந்தோரையும் காத்தலே.

ஆயினும் பாட்டின் இயல்பு வேறு. படம் ஓடிய திங்கள்களோடு முடிவதன்று பாட்டு. வானொலி, இசைத்தட்டு, ஒலிநாடா, கைப்பேசி எனக் கருவிகள் மாற மாற, பாட்டு புதிய ஊதியத்தை ஈன்றுகொண்டே இருக்கின்றது. ஒப்பந்தம் எழுதிய நாளில் இருதிறத்தாரும் கனவிலும் காணாத ஊதியம் அது. முன்பு கொடுத்த கூலி இதற்கெல்லாம் சேர்த்துக் கொடுக்கப்பட்டதெனக் கொள்ளுதல் பொருந்தாது.

திருத்தத்தின் வழிகள்

ஒப்பந்தத்தால் கைமாறிய உரிமையைச் சட்டமே மீட்டுத்தருதல் கூடுமா? கூடும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு சான்று காட்டலாம். சாலமன் லிண்டா என்னும் சூலு இனப் பாடகர் 1939இல் எம்பூபே என்னும் பாடலைப் பதிவு செய்தார். உரிமையைப் பத்துச் சில்லிங்கிற்கு விட்டுக்கொடுத்தார். அப்பாட்டே பின்னர் அமெரிக்காவில் மாற்றுருப்பெற்று, சிங்கம் இன்றிரவு உறங்குகின்றது என்னும் பொருள்படும் பெயரோடு 1961இல் உலகெங்கும் ஒலித்தது. 1994இல் டிஸ்னி நிறுவனத்தின் தி லயன் கிங் படத்திலும் இடம்பெற்றது. லிண்டாவோ 1962இல் வறுமையிலேயே மறைந்தார்.

அவர்தம் மக்கட்கு உதவியது 1911ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டத்தில் இருந்த ஒரு விதி. ஆசிரியர் தாமே மாற்றிக்கொடுத்த உரிமை, அவர் மறைந்து 25 ஆண்டு கழிந்தபின் அவர்தம் மரபினரை மீண்டும் வந்தடையும் என்பது அவ்விதி. அதன்படி 1987இல் உரிமை லிண்டாவின் மரபினர்க்கு மீண்டது எனக் கூறி, 2004இல் தென்னாப்பிரிக்காவில் டிஸ்னி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2006இல் அது உடன்பாட்டில் முடிந்து, மரபினர்க்குத் தொகை கிடைத்தது. சட்டத்தில் விதி இருந்தமையோடு, இதழாளரும் சட்ட வல்லாரும் துணைநின்றமையாலேயே இது கைகூடியது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியே நம் 1914ஆம் ஆண்டுச் சட்டமும் அமைந்தது. ஆனால் 1957ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விதியைத் தொடரவில்லை.

அதற்கு ஈடாக வேறொரு வழியை இந்தியா 2012இல் மேற்கொண்டது. இந்திப் பாடலாசிரியரும் மாநிலங்களவை உறுப்பினருமாயிருந்த ஜாவேத் அக்தர் முதலியோர் முயன்று வலியுறுத்திய திருத்தம் அவ்வாண்டு மே திங்களில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறி, சூன் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, திரைப்படத்தில் இடம்பெறும் பாட்டையும் பண்ணையும் இயற்றியவர் தம் உரிமையை மாற்றிக்கொடுப்பினும், திரையரங்கில் படத்தோடு காட்டப்படுதல் அல்லாத பிற பயன்பாடுகளால் வரும் உரிமைத்தொகையில் உரிமை பெற்றவரோடு சமபங்கு பெறுவர். இப்பங்கினை விட்டுக்கொடுக்க அவர்களாலும் இயலாது. சட்டப்படியான வாரிசுக்கும் பதிப்புரிமைச் சங்கத்திற்கும் மட்டுமே அதனை மாற்றலாம். மாறாக எழுதப்பெறும் ஒப்பந்தம் செல்லாது. சங்கங்களின் ஆட்சிக்குழுவில் ஆசிரியரும் பிற உரிமையாளரும் சம எண்ணிக்கையில் இருத்தல் வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. நிகழ்த்துரிமைச் சங்கம் இப்புதிய முறைப்படி 2017இல் மீண்டும் பதிவுபெற்றது.

இத்திருத்தத்தின் நுட்பம் ஒன்று உண்டு. வலிமை குன்றியவனுக்கு மேலும் ஓர் உரிமையைக் கொடுத்து அதனோடு அமையாமல், அவ்வுரிமையை அவன் இழக்கமுடியாதவாறும் செய்தது இத்திருத்தம். விற்கும் உரிமையைக் குறைத்தலே காக்கும் வழி என்பது முரண்போலத் தோன்றினும், வறுமையால் விற்பவன் திறத்து அதுவே உண்மையாகும். எனினும், திருத்தத்திற்கு முந்திய ஒப்பந்தங்களின்கீழ்க் கைமாறிய பாடல்களைப் பற்றிய சிக்கல் இதனால் முற்றும் தீர்ந்துவிடவில்லை. திரைப்பாடலுக்குப் புறத்தே கதையும் கட்டுரையும் எழுதுவோர்க்கும் இப்பாதுகாப்பு எட்டவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் அறியப்படுவது யாது? சட்டம் வேண்டுமென்றே ஒருபாற் கோடுகின்றது என நாம் முடிவு கட்டவில்லை. அது உரிமையைக் காக்கின்றது. காக்கப்படும் உரிமை ஒப்பந்தத்தால் நிறுவனத்தைச் சென்று சேர்ந்திருக்கின்றது. சான்று கேட்கின்றது, அச்சான்று நிறுவனத்திற்கு எளிது, புலவனுக்கு அரிது. விரைந்த தீர்வை வழங்குகின்றது; விரைந்து வரவல்லார்க்கே அது பயன்படுகின்றது. இம்மூன்று வாயில்களிலும் சிறிது சிறிதாகச் சேரும் வேற்றுமையே இறுதியில் பெரிதாகின்றது. சமமல்லாதார்க்குச் சமவிதி வகுத்தல் மட்டும் சமன்செய்தல் ஆகாது.

நூலெழுதும் நம் துறையினர்க்கும் இதன்கண் ஒரு படிப்பினை உண்டு. உரிமை மாற்றம் கையெழுத்திட்ட எழுத்து வடிவில் இருந்தாலன்றிச் செல்லாது. ஒப்பந்தத்தில் காலம் குறிக்கப்படாவிடின் அம்மாற்றம் 5 ஆண்டிற்கே செல்லும். நிலப்பரப்பு குறிக்கப்படாவிடின் இந்திய எல்லைக்குள்ளேயே செல்லும். பெற்ற உரிமையை ஓராண்டிற்குள் பயன்படுத்தாவிடின், ஒப்பந்தம் வேறுவகையாகக் கூறினாலன்றி, அது அற்றுப்போகும். இவையெல்லாம் சட்டத்தின் 19ஆம் பிரிவில் உள்ளவை. ஆய்வுநூலையும் பாடநூலையும் பதிப்பாளர் கையில் ஒப்படைக்குங்கால் இவற்றை எண்ணிப் பார்ப்போர் நம்மிடையே மிகச் சிலரே. படிக்காமல் கையெழுத்திடும் ஆசிரியனைக் காக்க எச்சட்டத்தாலும் இயலாது.

ஆக்கியோன் பெயரை முதற்கண் வைத்த மரபு நம்முடையது. பெயரை முதலில் வைத்து, பயனைக் கடைசியில் வைத்தனர் முன்னோர். நூலின் பயன் கேட்போர்க்கு என்பது அவர் கருத்து. இற்றை நாளில் அந்நூலால் விளையும் பொருட்பயனும் உண்டு. அதில் ஆக்கியோனுக்கும் ஒரு பங்கு நிலைபெறுமாறு செய்தலே, அவன் பெயரை முதற்கண் வைத்ததன் கடப்பாட்டை நிறைவு செய்வதாகும்.